துருவ மீன் தெரியாத மொட்டைமாடி

விண்மீன்களைப் படமெடுப்பது பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை 40, 50 பாகை வட அட்சரேகையில் வாழ்கிறவர்கள் எழுதியவை. முதல் வேலையாகத் துருவ விண்மீனைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சென்னையில் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு அந்த வரியிலேயே சிக்கல் தொடங்கிவிடும். எழுதியவர் ஊரில் துருவ மீன் பாதி வானத்துக்கு ஏறி நிற்கிறது. நம் ஊரில் அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே வானத்தின் துருவம் இருக்கும். லண்டனில் அது 51 பாகை. சென்னையில் 13. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 10. கன்னியாகுமரியில் 8. சிங்கப்பூரில் ஒன்றேகால் பாகைதான். அங்கே துருவ மீனைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையையே கைவிட்டுவிட வேண்டும். சென்னையில் 50 மீட்டர் தள்ளி ஒரு நாலு மாடிக் கட்டடம் இருந்தால், தரையில் நிற்பவருக்குத் துருவம் மறைந்துவிடும். கன்னியாகுமரியில் நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு தென்னையே போதும்.

எதுவும் மறைக்காவிட்டாலும் காற்று விடாது. 13 பாகை உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு நேர்மேலே வரும் ஒளியைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 8 பாகையில் ஏழு மடங்கு. துருவ மீன் ஒன்றும் பளிச்சென்ற விண்மீனல்ல, இரண்டாம் தரப் பிரகாசம்தான். புழுதியும் புகையும் தெருவிளக்கின் மஞ்சளும் படிந்த வடக்கு அடிவானத்தில் அதைத் தேடுவது பல இரவுகளில் வீண்வேலை.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது, அதைத் தேடவே வேண்டாம் என்பதை. துருவம் என்பது ஒரு திசை. வானத்திலுள்ள விண்மீன்கள் எல்லாமே அந்தத் திசையைச் சுற்றித்தான் நகர்கின்றன. ஆகவே எந்த விண்மீனின் நகர்வைப் பார்த்தாலும் துருவம் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, துருவ மீனை நம்புவதைவிட இது நல்ல வழியும்கூட. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் துருவம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். பூமி 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே வானம் நொடிக்கு 15 விகலை மேற்கே நகர்கிறது. (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) கேமராவை அசையாமல் வைத்து மூன்று நிமிடம் திறந்துவைத்தால், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் கோடு) அருகிலுள்ள ஒரு விண்மீன் 45 கலை நீளத்துக்குக் கோடாக இழுபடும். முழுநிலவின் விட்டமே 31 கலைதான். மங்கலான ஒண்முகிலையோ விண்மீன் மண்டலத்தையோ பிடிக்க நிமிடக் கணக்கில் ஒளி சேர்க்க வேண்டும். அத்தனை நேரமும் தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும்.

இதற்கான தீர்வு 200 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1824-ல் யோசப் ஃபிரான்ஹோஃபர் செய்த 24 சென்டிமீட்டர் தொலைநோக்கி டோர்பட் வானாய்வகத்தில் நிறுவப்பட்டது. டோர்பட் இன்று எஸ்டோனியாவிலுள்ள டார்ட்டு நகரம். அந்தத் தொலைநோக்கியைத் தாங்கிய மவுண்ட்டில் இரண்டு அச்சுகள். ஒன்று பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருந்தது. கடிகாரப் பொறி அதை மட்டும் ஒரே சீராகத் திருப்பியது. மற்ற அச்சை ஒருமுறை விண்மீனுக்கு வைத்துப் பூட்டிவிட்டால் மறுபடி தொடத் தேவையில்லை. இன்று அமெச்சூர்கள் வாங்கும் ஈக்வடோரியல் மவுண்ட்டுகளில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள். கடிகாரப் பொறிக்குப் பதில் மோட்டார் வந்திருக்கிறது, அவ்வளவே.

டார்ட்டுவின் அட்சரேகை 58 பாகை. அந்தச் சாய்வில் ஃபிரான்ஹோஃபரின் வடிவம் கம்பீரமாக நிற்கும். அதையே 10 பாகைக்குத் தாழ்த்திப் பாருங்கள்: அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது, எடை முழுவதும் ஒரு சின்னத் திருகாணியின் மேல் விழுகிறது, எதிர்எடைத் தண்டு டிரைபாட் காலில் இடிக்கிறது. சில மவுண்ட்டுகள் அந்த அளவுக்குத் தாழவே தாழாது. வாங்கும் முன் அட்சரேகை வரம்பைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு தெற்குப் பக்கக் காலின் அடியில் செங்கல் வைப்பவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. (செங்கல் வைப்பது தவறல்ல, வேலை செய்யும். ஆனால் மேடை சாய்ந்துவிட்டதால், இடம்–வலமாகத் திருப்பும்போது உயரமும் கொஞ்சம் மாறும். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.)

பெரிய வானாய்வகங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தன. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அட்சரேகை பன்னிரண்டரைப் பாகை. அதன் துருவ அச்சின் வடமுனையில் குதிரை லாட வடிவில் ஒரு மாபெரும் தாங்கி இருக்கிறது. தாழ்ந்து கிடக்கும் அச்சை இரு முனைகளிலும் உறுதியாகத் தாங்கிக்கொண்டு, லாடத்தின் இடைவெளி வழியே வடக்கு வானத்தையும் பார்க்க விடுகிறது. குறைந்த அட்சரேகைக்கு ஏற்ற வடிவம் அது.

உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் இருப்பது இன்னும் அழகு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்து 1970-ல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஓர் உருளை. அதை வடக்குத்–தெற்காக ஒரு மலைச்சரிவில் கிடத்தியிருக்கிறார்கள். சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே அரைக் கிலோமீட்டர் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஓர் அச்சைச் சுற்றித் திருப்பினாலே ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர முடியும். இப்படி ஒரு சரிவு வேண்டுமென்று தேடித்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள். அச்சைத் துருவத்தை நோக்கி வைக்கும் வேலையை மலையிடமே ஒப்படைத்த இன்னொரு கருவி எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை.

மலை கிடைக்காத நாம் மொட்டைமாடிக்கு வருவோம்.

அச்சு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். அச்சு 1 கலை விலகியிருந்தால் விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 விகலை வடக்கு–தெற்காக நழுவும். விலகல் 10 கலையானால் 2.6 விகலை, ஒரு பாகையானால் ஏறக்குறைய 16 விகலை. இனி உங்கள் கேமரா எதைத் தாங்கும் என்று பாருங்கள். 200 மில்லிமீட்டர் லென்ஸும் 4.3 மைக்ரான் பிக்சலும் இருந்தால் ஒரு பிக்சலில் 4.4 விகலை வானம் அடங்கும். இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் ஒரு பிக்சல் நழுவலாம் என்று விட்டுவைத்தால் 8 கலைப் பிழை வரை தாங்கும். அதே ஆள் 800 மில்லிமீட்டர் தொலைநோக்கிக்குத் தாவி, 3.76 மைக்ரான் பிக்சலில் ஐந்து நிமிடம் திறந்துவைத்தால் 1 கலைக்குள் வர வேண்டும். ஊரில் ஒருவர் சொன்னார் என்பதற்காக 200 மில்லிமீட்டர் லென்ஸ்காரர் விகலைக் கணக்கில் உயிரை விட வேண்டியதில்லை.

ஆட்டோ கைடிங் இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வழிகாட்டி விண்மீனை அது ஒரே இடத்தில் பிடித்துவைக்கும், உண்மைதான். ஆனால் அச்சு தவறாக இருந்தால் சட்டகத்திலுள்ள மற்ற விண்மீன்கள் அந்த ஒன்றைச் சுற்றி மெல்லச் சுழலும். மூலைகளில் அது சிறு வில்லாகத் தெரியும். கைடிங் இருந்தால் நாலைந்து கலைப் பிழை பொறுத்துக்கொள்ளத்தக்கது. அரைப் பாகைப் பிழையைக் கைடிங்கிடம் தள்ளிவிடுவது நியாயமில்லை.

இங்கே துருவ மீனின் இன்னொரு குறையைச் சொல்லிவிடுகிறேன். அது துருவத்தில் இல்லை. இப்போது ஏறத்தாழ 37 கலை தள்ளி இருக்கிறது, அதாவது நிலவின் விட்டத்தைவிடச் சற்று அதிகம். பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானத்தில் ஒரு வட்டம் போடுவதால் இந்த இடைவெளி மாறிக்கொண்டே வருகிறது. 2100-ஐ ஒட்டி 27 கலைவரை குறைந்து மறுபடி விலகும். துருவ மீனை நேராகக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவரின் படத்தில் விண்மீன் நிமிடத்துக்கு 10 விகலை ஓடும். அதனால்தான் மவுண்ட்டின் அச்சுவழியே பார்க்க உதவும் துருவ நோக்கிகளில் கடிகார முகம்போல் ஒரு வட்டம் வரைந்து, அந்த நேரத்துக்கு மீன் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தச் சொல்கிறார்கள்.

அதைச் சரியாகச் செய்தாலும் நம் ஊரில் மிச்சம் ஒரு பிழை உண்டு. காற்று ஒளியை வளைத்து விண்மீனை உயர்த்திக் காட்டுகிறது. லண்டனில் துருவ மீன் ஒரு கலைக்கும் குறைவாகத்தான் உயரும்; யாரும் பொருட்படுத்துவதில்லை. சென்னையில் அது ஏறத்தாழ 4 கலை, கன்னியாகுமரியில் 6-க்கு மேல். கண்ணுக்குத் தெரியும் துருவத்தைப் பிடித்தவர், தலைக்கு மேலே படமெடுக்கும்போது அந்த 4 கலையைப் பிழையாகச் சுமக்கிறார். ஹார்வர்ட் வானாய்வகத்தின் எட்வர்ட் ஸ்கின்னர் கிங் நூறாண்டுக்கு முன்பே காற்றின் இந்த வளைப்பைக் கணக்கில் எடுத்து மவுண்ட் ஓட வேண்டிய வேகத்தைத் திருத்தினார். இன்றைய மவுண்ட்டுகள் சிலவற்றின் மெனுவில் ‘கிங்’ என்றொரு வேகம் இருப்பது அவர் பெயரால்தான். ஆக, வடக்கு வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கும் ஓர் அதிர்ஷ்டசாலிகூட இங்கே துருவ மீனை முழுதாக நம்ப முடியாது.

சரி, வேலையைத் தொடங்குவோம். முதலில் தோராயமாக.

உயரம் எளிது. ஊரின் அட்சரேகையைத் தெரிந்துகொண்டு, மேடையை மட்டப்பலகை வைத்துச் சமன்செய்து, மவுண்ட்டின் அளவுகோலில் அந்த எண்ணை வையுங்கள். அந்த அளவுகோல்கள் பெரும்பாலும் அலங்காரத்துக்கு ஒட்டப்பட்டவை. மவுண்ட்டின் தட்டையான ஒரு பரப்பில் கைப்பேசியின் சாய்வுமானியை வைத்துச் சரிபார்த்தால் அரைப் பாகைக்குள் வந்துவிடலாம்.

சிக்கலானது திசை. நம் அட்சரேகையில் அது மேலும் முக்கியம். திசையில் ஒரு பாகை தவறினால், அச்சு வானத்தில் எவ்வளவு விலகும் என்பது துருவத்தின் உயரத்தைப் பொறுத்தது. லண்டனில் 0.62 பாகைதான் விலகும். சென்னையில் 0.97, அதாவது தவறு ஏறக்குறைய முழுசாக வந்து சேர்கிறது.

திசைகாட்டி என்ன சொல்லும்? இந்த விஷயத்தில் நமக்கு இயற்கை கொஞ்சம் சலுகை காட்டியிருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் இங்கே காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கிறது. ஊசியைத் திருப்பும் கிடைமட்ட விசை லண்டனில் உள்ளதைப்போல் இரு மடங்கு. காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு பாகைதான். ஆனால் கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது, டிரைபாட் எஃகு, மோட்டாருக்குள் காந்தம். மவுண்ட்டின் மேல் கைப்பேசியை வைத்துப் பார்க்கும் ‘வடக்கு’ பத்துப் பாகை தவறினாலும் ஆச்சரியமில்லை. சில மீட்டர் தள்ளி நின்று, மவுண்ட்டின் அச்சுவழியே நோக்கிப் பாருங்கள்.

இதைவிட நம்பகமானது மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர். செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் வீட்டைப் பெரிதாக்கி, சுவர் மெய்யான வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். சுவர் நகராது, காந்தத்துக்கு மயங்காது. ஒருமுறை அளந்தால் வீடு இருக்கும்வரை செல்லும்.

பகலில் நேரம் கிடைத்தால் சூரியனைப் பயன்படுத்தலாம். நண்பகலில், அதாவது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் உச்சிக்கோட்டைச் சூரியன் கடக்கும் கணத்தில், நட்டுவைத்த கோலின் நிழல் சரியாக வடக்குத்–தெற்காக விழும். கடிகாரத்தின் 12 மணி நண்பகலல்ல. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே நண்பகல் சராசரியாக 12:09-க்கு, கோயம்புத்தூரில் 12:22-க்கு. அதோடு ஆண்டு முழுவதும் சூரியன் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் ஓடுகிறது. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் நண்பகல் 11:52-ஐ ஒட்டியும் பிப்ரவரி நடுவில் 12:23-ஐ ஒட்டியும் வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சூரியன் தலைக்கு மேலே நெருங்க நெருங்க நிழல் வேகமாகத் திரும்பும். டிசம்பரில் ஒரு நிமிடம் தவறினால் திசை 0.4 பாகை தவறும். மார்ச் கடைசியில் ஒரு பாகைக்கு மேல். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சென்னையில் நண்பகல் நிழலே இருக்காது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். வெளிநாட்டுக் கையேட்டை நம்பி ஜூன் மாதத்தில் ‘நிழல் காட்டும் வடக்கு’ நோக்கி மவுண்ட்டை வைப்பவர் தென்துருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் சிற்பிகள் நண்பகலைத் தேடவில்லை. மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் சொல்லும் முறை இது: சமதளத்தில் சங்கு என்னும் கோலை நட்டு அதைச் சுற்றி வட்டம் வரைவது, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறிப்பது. இரண்டையும் இணைத்தால் கிழக்கு–மேற்கு. கடிகாரம் வேண்டாம், அட்டவணை வேண்டாம். காலையும் பிற்பகலும் நிழல் நீளமாகவும் நிதானமாகவும் இருப்பதால் தலைக்கு மேல் சூரியன் வரும் மாதங்களிலும் இது கைகொடுக்கும். மொட்டைமாடியில் ஒருநாள் செலவழித்துக் கோடு போட்டுக்கொள்வது நல்ல முதலீடு.

இதெல்லாம் நம்மை ஒரு பாகைக்குள் கொண்டுசேர்க்கும். மிச்சத்தை விண்மீன்களிடம் கேட்க வேண்டும்.

நிலை சாய்ந்த ஒரு கதவை யோசித்துப் பாருங்கள். கீல்கள் நேர்செங்குத்தாக இல்லாததால், கதவைத் திறக்கத் திறக்க அதன் நுனி தரையைவிட்டு எழும் அல்லது தரையில் உரசும். எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்த்தே நிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தச்சர் சொல்லிவிடுவார். தொலைநோக்கியின் அச்சு சாய்ந்திருந்தாலும் அதுவே நடக்கும். மோட்டார் மேற்கே திருப்பத் திருப்ப, குழாயின் பார்வை வடக்கேயோ தெற்கேயோ ஒதுங்கும். நழுவல் முறை என்பது இந்த ஒதுக்கத்தைப் படிப்பது. துருவ மீனைப் பார்க்க வேண்டிய அவசியம் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இரண்டு விண்மீன்கள் வேண்டும். முதலாவது, உச்சிக்கோட்டுக்கும் வான நடுக்கோட்டுக்கும் அருகில். இது அச்சின் இடம்–வலப் பிழையை மட்டும் காட்டும். உயரப் பிழை இங்கே வெளிப்படாது. இரண்டாவது, கிழக்கே 20, 30 பாகை உயரத்தில், அதுவும் வான நடுக்கோட்டை ஒட்டி. இது உயரப் பிழையை மட்டும் காட்டும்.

நம் அட்சரேகை இந்த முறைக்கு மிக வாகானது. சென்னையில் வான நடுக்கோடு உச்சியிலிருந்து 13 பாகை தெற்கேதான் செல்கிறது. ஆகவே முதல் விண்மீன் 77 பாகை உயரத்தில், புழுதிக்கும் விளக்குக்கும் மேலே, தெளிந்த காற்றில் கிடைக்கும். லண்டன்காரருக்கு அது 38 பாகையில். குளிர்கால முன்னிரவுகளில் வேட்டைக்காரனின் இடுப்புவார் இதற்கென்றே வைத்தாற்போல் இருக்கிறது; அதன் மேற்கு ஓர விண்மீனான மின்டாகா வான நடுக்கோட்டிலிருந்து அரைப் பாகைகூட விலகவில்லை. மழைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் 9 பாகை வடக்கேயுள்ள திருவோணம் பரவாயில்லை.

செய்முறை இதுதான். முதல் விண்மீனைச் சட்டகத்தின் நடுவில் வைத்து, கைடிங்கை அணைத்து, மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். கிழக்கு–மேற்காக அது அசைந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அது பற்சக்கரத்தின் குறை. வடக்கு–தெற்கு நழுவலை மட்டும் பாருங்கள். படத்தில் எது வடக்கு என்று தெரியாவிட்டால், கட்டுப்பாட்டுக் கருவியில் வடக்குப் பொத்தானைத் தட்டுங்கள். விண்மீன் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது தெற்கு.

விண்மீன் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. இடம்–வலத் திருகால் மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் கிழக்கே. நழுவல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு கிழக்கு விண்மீனுக்குப் போங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நழுவினால் தாழ்த்துங்கள். கிழக்கில் கட்டடம் மறைத்தால் மேற்கு விண்மீனைப் பிடியுங்கள், ஆனால் விதி தலைகீழாகும். கடைசியாக முதல் விண்மீனுக்கு ஒருமுறை திரும்பிவந்து பாருங்கள்.

தொடக்கத்தில் ஒரு பாகைப் பிழை இருந்தால் நழுவல் அரை நிமிடத்தில் கண்ணில் படும். பிழை 5 கலைக்குக் குறைந்தபின் நிமிடத்துக்கு 1.3 விகலைதான்; காற்றின் நடுக்கமே அவ்வளவு இருக்கும் என்பதால் நாலைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பொறுமை இழந்து திருகை அளவுக்கு மீறித் திருப்புவதால்தான் இந்த முறைக்குக் கெட்டபெயர். மடிக்கணினி இருந்தால் பிஎச்டி2 என்ற இலவச மென்பொருள் நழுவலை வரைபடமாகவே போட்டுக் காட்டிவிடும்.

மடிக்கணினி இல்லாமல், கேமராவை மட்டும் வைத்துச் செய்ய ராபர்ட் வைஸ் என்ற அமெச்சூரின் உத்தி ஒன்று இருக்கிறது. இரண்டு நிமிடச் சொச்சம் எக்ஸ்போஷரைத் திறந்து, முதல் ஐந்து நொடி சும்மா விடுங்கள். விண்மீன் ஒரு தடித்த புள்ளியாகப் பதியும். அடுத்து ஒரு நிமிடம் மேற்கே மெதுவாக நகர்த்தி, அடுத்த நிமிடம் அதே வேகத்தில் கிழக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். அச்சு சரியென்றால் போன கோட்டின் மேலேயே திரும்பிய கோடு விழும். பிழை இருந்தால் இரண்டும் விரிந்து கூர்முனைக் கோணமாகத் தெரியும். எந்தப் பக்கம் திருப்பினால் கோணம் குறுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து செலவில்லாத முறைகளில் இதுவே மிகப் புத்திசாலித்தனமானது.

இப்போது கணினி முறை. 2010-ல் டஸ்டின் லாங், டேவிட் ஹாக் முதலானோர் ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற திட்டத்தை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வானத்தின் எந்தப் பகுதி என்று சொல்லாமல் ஒரு படத்தைக் கொடுத்தால், நான்கு நான்கு விண்மீன்களாக எடுத்து, அவற்றுக்கிடையேயான வடிவத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, படம் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று விகலைத் துல்லியத்தில் சொல்லிவிடும். இதற்குப் பிளேட் சால்விங் என்று பெயர்.

இதை வைத்துத் துருவம் பிடிப்பது வெறும் பள்ளி வடிவியல். தொலைநோக்கியை வானத்தில் எங்கேயாவது வைத்து ஒரு படம். துருவ அச்சை மட்டும் கொஞ்சம் திருப்பி இன்னொன்று. மறுபடி திருப்பி மூன்றாவது. மூன்று படங்களின் மையங்களும் கோளத்தின் மேல் ஒரே வட்டத்தில் இருக்கும், ஏனென்றால் ஓர் அச்சை மட்டுமே திருப்பினோம். மூன்று புள்ளிகள் தெரிந்தால் வட்டம் தெரியும். வட்டம் தெரிந்தால் மையம் தெரியும். அந்த மையம்தான் உங்கள் மவுண்ட்டின் அச்சு இப்போது நோக்கும் இடம். மெய்யான துருவம் எங்கே என்பது ஊரும் நேரமும் தெரிந்த கணினிக்குத் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உயரத்தில் இவ்வளவு, இடம்–வலத்தில் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். நீங்கள் திருகைத் திருப்பத் திருப்ப எண்கள் குறைந்துகொண்டே வரும். குழாய் மவுண்ட்டில் சற்றுக் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் கணக்கு கெடாது. வட்டம் சிறிதோ பெரிதோ, மையம் மாறாது.

நினா, ஈகோஸ் என்ற இரண்டு இலவச மென்பொருள்களிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பிளேட் சால்விங்கால் துருவம் பிடிக்கும் கருவிகள் எல்லாமே இப்படிப்பட்டவை அல்ல. சில கருவிகள் துருவத்தைச் சுற்றியுள்ள சில பாகை வானத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கின்றன. வடக்கு மறைந்த மொட்டைமாடிக்காரர் அதற்குப் பணம் செலவழிக்கும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. மூன்று படங்களையும் 50, 60 பாகைக்கு மேலே எடுங்கள்; காற்றின் வளைப்பு அங்கே ஒரு கலைக்கும் குறைவு.

கணினி முறை ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், நழுவல் முறைக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். இருந்தாலும் ஒருமுறையாவது நழுவல் முறையைச் செய்துபார்க்காதவர், திரையில் வரும் எண் தவறாக இருக்கும்போது அது தவறு என்று கண்டுபிடிக்கவே மாட்டார் என்பது என் அபிப்பிராயம். கணினியில் நேரமோ ஊரோ தவறாகப் பதிந்திருந்தால், தவறான துருவத்தை அது மிகத் துல்லியமாகக் காட்டும். அதை அம்பலப்படுத்த ஐந்து நிமிட நழுவல் சோதனை போதும்.

எல்லாம் முடிந்தபின் பூட்டுத் திருகுகளை இறுக்குவீர்கள். இறுக்கும் அந்த அசைவிலேயே அச்சு ஒன்றிரண்டு கலை நகர்ந்துவிடும். ஆகவே இறுக்கியபின் இன்னொருமுறை சோதித்துவிட்டே படமெடுக்கத் தொடங்குங்கள். விடிந்ததும் டிரைபாட்டின் மூன்று கால்களும் நின்ற இடத்தைத் தளத்தில் பெயின்ட்டால் குறித்துவையுங்கள், காலின் நீளத்தையும் எழுதிவையுங்கள். அடுத்தமுறை ஒரு பாகைக்குள்ளிருந்தே தொடங்கலாம்.